மெர்சி சொன்னதில் நான் கேட்காத பாதி

கவரப்பேட்டை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

பிரியமுள்ள தம்பி மனைவி மெர்சிக்கு, பெரிய மாமா யேசுதாஸ் ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் ஓரகத்தி அக்கா அருணா, மாடியில் குடியிருப்பவர்கள், தெருமுனை நாய் உட்பட எல்லோரும் சுகம். அங்கே நீயும் தம்பி ஸ்டீவனும் பிள்ளைகளும் அப்படியே இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். சுகம் என்ற சொல்லை இத்தனை வருடமாகச் சும்மா எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு மர நாற்காலியில் முழு எடையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன சுகம் வேண்டும்?

போனிலேயே சொல்லியிருக்கலாமே, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் தம்பி மனைவியிடம் முகம் பார்த்துப் பேசாத வீட்டில் வளர்ந்தவன். நீ இந்தக் குடும்பத்துக்கு வந்த பதினான்கு வருடத்தில் உன்னிடம் நான் நேராகப் பேசியது "சாப்ட்டியாம்மா", "ட்ரெய்ன் வந்துடுச்சா" என்ற இரண்டே வாக்கியம். மூன்றாவது வாக்கியமே மூலத்தைப் பற்றியது என்றால் நாக்கு எழுமா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீ நர்ஸ் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்புகிறேன், வீட்டில் பிள்ளைகள் பிரித்து வாசித்துவிடக் கூடாது பார்.

முதலில் என் பாவத்தை அறிக்கையிட்டுவிடுகிறேன். நான் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் க்ரேன் ஓட்டுவது உனக்குத் தெரியும். அந்த க்ரேன் தரையில் ஓடுவதில்லை, கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுவது, என் கேபினுக்கு நாற்பத்திரண்டு படி இரும்பு ஏணி ஏற வேண்டும் என்பது தெரிந்திருக்காது. நான் ஒரு தடவை இறங்கினால் அந்த ஷெட்டில் எல்லா வேலையும் நிற்கும், நிற்கிற அத்தனை பேரும் அண்ணாந்து என்னையே பார்ப்பார்கள், எனக்குக் கீழிருந்து விசில் அடித்துச் சைகை காட்டுகிற கோபால், "இன்னாண்ணே, இப்பத்தான போன?" என்று ஊர் கேட்கக் கத்துவான். அந்த அவமானத்துக்குப் பயந்து இருபத்திரண்டு வருடமாக நான் ஒரு வழி வைத்திருந்தேன்: வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை, எது வந்தாலும் அடக்கிக்கொள்வது. உள்ளே போனால்தானே வெளியே வரும்? முன்பக்கத்துக்கு இந்த யோசனை நன்றாகவே வேலை செய்தது. பின்பக்கம் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அது போதாதென்று காலையில் போனை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போனால் முக்கால் மணி நேரம். உலகச் செய்தி முழுவதும் அங்கேதான் படிப்பேன்.

அப்புறம் எங்கள் கம்பெனி வாசலில் இருக்கும் பலகை. விபத்தில்லா நாட்கள் என்று போட்டு, பக்கத்தில் தினமும் ஒரு எண்ணை மாற்றுவார்கள். ஆயிரம் நாள் ஆனால் எல்லோருக்கும் ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர் என்று சொல்லியிருந்தார்கள். முந்தைய தடவை அறுநூற்றுப் பதினோராவது நாளில் பச்சையப்பன் என்கிற ஃபிட்டர் விரல் நகத்தை நசுக்கிக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனார், பலகை மறுநாள் பூஜ்யம். அந்த மனுஷனுக்கு அதன் பிறகு கேன்டீனில் யாரும் சாம்பார் வாளியை நகர்த்தியதில்லை. எனக்கு முதல் தடவை ரத்தம் வந்த அன்று பலகையில் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு. முதலுதவி அறைப் பக்கம் போனால் பலகை கவிழும், நானூறு குடும்பத்தின் குக்கர் என் தலையில் விடியும் என்று வாயை மூடிக்கொண்டேன். மூட வேண்டியது வாய் இல்லை என்பது அப்போது புரியவில்லை.

அடுத்த வாரம் உன் மகள் பிறந்த நாளுக்கு அத்திப்பட்டு வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட, நான் மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன். "உக்காருங்க மாமா" என்றாய். "இல்லம்மா, கம்பெனில நின்னுக்கினே சாப்புடச் சொல்லி இருக்காங்க, உடம்புக்கு நல்லதாம்" என்று அளந்தேன். நீ என்னைப் பார்த்தாய், நாற்காலியைப் பார்த்தாய், அப்புறம் அருணாவைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாய். திரும்பி வந்த அருணாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு கேக் கூட எடுக்காமல் கிளம்பினேன். என் உடம்பில் எந்த இடத்தைப் பற்றி வேண்டுமானாலும் இரண்டு பெண்கள் பேசட்டும், அந்த இடத்தைப் பற்றியா?

ரயில் மீஞ்சூர் தாண்டும்போது உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. நாலு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டிருந்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு அமுக்கினேன். அது ஸ்பீக்கரில் இருந்தது. "மாமா, நான் மெர்சி பேசறேன். கோச்சிக்காதீங்க. மூலம் பாதிப் பேருக்கு வர்றதுதான், இதுல கூச்சப்பட ஒண்ணியும் இல்ல. அகலமான டப்ல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, தினம் ரெண்டு மூணு தபா, பத்து பதினஞ்சு நிமிஷம் உக்காருங்க. கொதிக்கிற தண்ணி வேணாம். முக்காதீங்க. உள்ள போனா அஞ்சு நிமிஷம்தான், போன எடுத்துக்கினு போவாதீங்க. வந்தா அடக்காதீங்க. கீரை, பழம், தண்ணி நெறைய..." காதிலிருந்து போனை எடுப்பதற்குள் ஒரு பெட்டி முழுக்க என் சரித்திரம் தெரிந்துபோயிற்று. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "கருணைக்கிழங்கு ஆக்கிப் போடும்மா அவுருக்கு" என்று அருணாவிடம் சொன்னார். எதிரே இருந்தவர், "அதெல்லாம் வேணாம், துத்தி இலைதான்" என்றார். இரண்டு பேருக்கும் சண்டை. காலேஜ் பையன் ஒருவன் ஒன்றும் பேசாமல், ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருந்த "மூலம், பவுத்திரம், ஒரே நாளில்" என்ற நோட்டீஸைக் கை நீட்டிக் காட்டினான். பொன்னேரி வருவதற்குள் போனையே அணைத்துவிட்டேன். நாலு நிமிடத்தில் இரண்டு நிமிடம் ஓடியிருந்தது. மீதியை வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மெசேஜைப் பார்த்தாலே பூக்கூடை அம்மா கண் முன்னால் வந்தார். கடைசிவரை கேட்கவே இல்லை.

கேட்ட பாதியை உன் அக்கா சட்டமாக்கிவிட்டாள். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் வாழைத்தண்டு, சாயங்காலம் கொய்யாப்பழம், இரண்டு வேளை கீரை, கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். போன் அவள் இடுப்பில். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் சரியாக ஐந்தாவது நிமிடம் கதவைத் தட்டி, "அஞ்சாச்சு! எழுந்து வா!" என்று ஒரு சத்தம். மாடி வீட்டார் அதை வைத்துத்தான் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கிளப்புகிறார்கள் என்று கேள்வி.

டப்தான் தகராறு. எங்கள் வீட்டு டப் என் அளவுக்கு இல்லை. அருணா சபையின் பெண்கள் ஐக்கியத்தில் பொருளாளர் என்பதால் அன்பின் விருந்துக்குப் பிரியாணி செய்கிற அண்டா எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அவள் கடைக்குப் போன நேரத்தில் அதில் வெந்நீர் ஊற்றி உட்கார்ந்தேன். ஆகா, என்ன இதம்! கால் மணி நேரம் கழித்து எழப் பார்த்தால் அண்டாவும் கூடவே எழுந்தது. கடையிலிருந்து வந்த அருணா போன் செய்ய, கம்பெனி பஸ் ஓட்டுகிற ஸ்டீவன் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு வந்து, என்னை ஒரு பக்கமும் அண்டாவை ஒரு பக்கமும் இழுத்துப் பிரித்தான். பிறகு தன் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து, கழிவறைப் பீங்கான் மேலேயே பொருத்தி உட்காருகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் பேசினும், மலத்தை இளக்குகிற இசப்கோல் பாக்கெட்டும் எடுத்துக் கொடுத்தான். "இத தண்ணில கலந்து குடிண்ணா, மேல இன்னோரு டம்ளர் தண்ணி குடிக்கணும், இல்லன்னா இன்னும் இறுகிப்பூடும்" என்றான். "உனக்கு எப்பிட்றா இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன். "மெர்சி ஊட்ல பேசிக்கினு இருப்பா, காதுல வுழும்" என்றான். அண்ணன் மேல் எவ்வளவு பாசம் இருந்தால் முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பான்! ஈஸ்டர் முடிந்ததும் சபைக்குப் புது அண்டா வாங்கிக் கொடுத்துவிட்டோம். பழைய அண்டாவைப் பற்றி நீ யாரிடமும் சொல்லாதே, ஈஸ்டர் பிரியாணி அதில்தான் வெந்தது, எல்லோரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மெர்சி, நீ சொன்னது பொய்யில்லை. ஒரே வாரத்தில் வலி போயிற்று, அரிப்பு போயிற்று, முக்குவது போயிற்று. ரத்தம் மட்டும்தான் போகவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சூடு வெளியேறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேன்ட் தளர்ந்தது, கீரை தொப்பையைக் கரைக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஏணி ஏறும்போது மூச்சு வாங்கியது, வயசு என்று நினைத்தேன். எங்கள் அப்பாவை நீ பார்த்ததில்லை. சோழவரத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர், ஐம்பத்தாறு வயதில் போனார். அவருக்கும் இப்படித்தான் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலச்சூடு என்று சொல்லி மோர் கொடுத்தோம். யாரும் அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்வரை இதை நான் ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை, உன் புருஷனும் சொல்லியிருக்க மாட்டான்.

பலகையில் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது. பத்தரை மணி இருக்கும், கொக்கியில் மூன்று டன் இரும்பு தொங்குகிறது, கீழே கோபால் கை காட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குக் கண் இருட்டியது. அவன் கை இரண்டாகத் தெரிந்தது, அப்புறம் தெரியவே இல்லை. விசில் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு லோடைத் தரையில் இறக்கினேன். எப்படி இறக்கினேன் என்று ஆண்டவருக்கும் அந்த விசிலுக்கும்தான் தெரியும். கோபால் ஏணியேறி வந்தான், என் சீட்டைப் பார்த்தான், "ரத்தம்! ரத்தம்!" என்று போட்ட கூச்சலில் யாரோ சைரனை அமுக்கிவிட்டார்கள். நாலு பேர் என்னைக் கீழே இறக்கினார்கள். பாதுகாப்பு அதிகாரி பார்த்திபன் ஓடி வந்து என் தலையைத் தடவினார், கையைத் திருப்பினார், காலைத் தூக்கிப் பார்த்தார். "அடி எங்க பட்டுது?" என்றார். "எங்கயும் படல சார்" என்றேன். "அப்போ ரத்தம்?" நான் கூரையைப் பார்த்தேன். கோபால் அழுதுகொண்டே என் காதில், "அண்ணே, இன்னும் இருவத்தோரு நாளுதாண்ணே, குக்கருண்ணே" என்றான். அவனைக் குற்றம் சொல்லாதே. அழுதது எனக்காகத்தான், வாய் பழக்கத்தில் குக்கர் என்று சொல்லிவிட்டது.

என் போனிலிருந்து அருணாவுக்கு அடித்தார்கள், அவள் உனக்கு அடித்தாள், இரண்டாவது நிமிடம் நீ என் போனுக்கு அடித்தாய். கோபால் அதை ஸ்பீக்கரில் போட்டான். முதல் பாதியை ரயில் கேட்டது, இரண்டாம் பாதியை கம்பெனி கேட்க வேண்டும் என்று விதி.

"எத்தினி நாளா ரத்தம் போவுது மாமா?"

"ஒரு மாசமா இருக்கும்மா."

"ஒரு மாசமாவா? ஒரு வாரத்துக்கு மேல நிக்கலன்னா வந்துடுங்கன்னு சொன்னேனா இல்லியா? தலை சுத்துனா, கருப்பா போனா, நெறைய ரத்தம் போனா ஒரு நாள் கூட இருக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? எடை கொறஞ்சா, போற பழக்கம் மாறுனா, ஊட்ல யாருக்காச்சும் குடல் கோளாறு இருந்தா, இது மூலம்தான்னு நீங்களே முடிவு கட்டாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"அது ரெண்டாவது பாதிலம்மா."

"எந்தப் பாதில?"

"நான் கேக்காத பாதில."

அப்புறம் நேராக பார்த்திபனிடம் பேசினாய். "சார், அவர படுக்க வைங்க, காலுக்குக் கீழ ஏதாச்சும் வைங்க. யாரும் களிம்பு கிளிம்பு தடவாதீங்க. உங்க ஆம்புலன்ஸ்ல ஏத்துங்க, நான் ஆஸ்பத்திரி கேட்டாண்ட நிக்கறேன்." அப்போது கூட்டத்தில் யாரோ, "சிஸ்டர், இது விபத்துக் கணக்குல வருமா?" என்றான். "யாரது? பேர சொல்லு" என்றாய். நானூறு பேரில் ஒருவனுக்கும் பேர் இல்லை.

பார்த்திபன் என்னை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது சொன்னதை நீ கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். "இது நோய், விபத்து இல்ல. பலகைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே யேசுதாஸ்" என்றார். முப்பத்தொரு நாள் நான் உடம்பில் இருந்த ரத்தத்தையெல்லாம் காவு கொடுத்துக் காப்பாற்றிய பலகை, யாரும் காப்பாற்றாமலேயே நின்றிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும், ஆனாலும் நன்றிக்காக எழுதுகிறேன். ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே என்றதும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். ஈஸ்வரி டாக்டர், "மூலம் இருக்கு, அதுக்கு ரப்பர் வளையம் போட்டுடலாம். ஆனா அதோட நிறுத்த மாட்டேன், வயசும் அப்பா கதையும் சரியில்ல, உள்ள கேமரா விட்டுப் பாக்கணும்" என்றார். இருபத்திரண்டு வருடம் குடிக்காமல் விட்ட தண்ணீரையெல்லாம் கேமராவுக்கு முந்தின நாள் மொத்தமாகக் குடித்தேன். அன்றைக்கு அருணா கதவைத் தட்டவே இல்லை, அவளுக்கே பாவமாகப் போய்விட்டது. பதினான்கு வருடம் நான் உன்னிடம் காத்த மரியாதை, முதுகுப்பக்கம் திறந்த அந்த கவுனோடு போயிற்று. உன் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வராந்தாவில் நின்றாயே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சுண்டைக்காய் அளவுக்கு ஒரு சதை இருந்தது, எடுத்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை பத்து நாள், அருணா ஜெபித்தாள், நான் கொய்யாப்பழம் தின்றேன். இன்னும் கெட்டதாக மாறவில்லை, இன்னும் சில வருடம் விட்டிருந்தால் மாறியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நான் அழுதேன். எனக்காகப் பாதி, அப்பாவுக்காகப் பாதி. அவருக்கு ஒரு மெர்சி இல்லாமல் போய்விட்டாள்.

இப்போது இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன். பார்த்திபன் எனக்கு மாற்றாள் ஒருவரைப் போட்டிருக்கிறார், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி, தண்ணீர் குடித்து, நாலு நடை நடந்துவிட்டு ஏறுகிறேன். யாரும் கத்துவதில்லை. பச்சையப்பனுக்கு நானே சாம்பார் வாளியை நகர்த்துகிறேன். ஆயிரமாவது நாள் வந்து குக்கரும் கொடுத்தார்கள். என் குக்கர் உனக்குத்தான், ஸ்டீவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், மறுக்காதே. கூடப் பிறந்தவர்களும் இந்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே, அதைப் பற்றி நீ கவலைப்படாதே. தம்பியிடம் கேட்டேன், ஒரு தொந்தரவும் இல்லையாம். அவன் இரும்பு. நாற்பத்தாறு வயதில் நம் குடும்பத்திலேயே திடமான ஆள் அவன்தான். மழைக்காலம் முடியட்டும், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆண்டவர் உன் கைகளையும், ஊசி போடும்போது நீ சொல்லும் பொய்களையும், உன் நாலு நிமிட மெசேஜ்களையும் ஆசீர்வதிப்பாராக. பிள்ளைகளுக்கு முத்தம். இந்த ஜென்மத்துக்கு உனக்குக் கடன்பட்ட,

பெரிய மாமா,
யேசுதாஸ்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை ஸ்டீவன் வாசித்துவிட்டு இப்போதுதான் போனான். குக்கரை வாங்க வந்தவன், கடிதத்தைக் காட்டினால்தான் ஆச்சு என்று நின்றான். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. இத்தனை பக்கத்தையும் நின்றுகொண்டே வாசித்தான். அவன் வாசிக்காமல் விடமாட்டான் என்று தெரிந்துதான் எழுதினேன், அவனைப் பற்றி நான் எழுதிய எல்லாம் பொய், மெர்சி. அந்த பேசின் எனக்காக வாங்கியதில்லை. ஐந்து மாதமாக அவனுக்கும் ரத்தம் போகிறது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொன்னான், சொல்லிவிட்டு, "மெர்சிக்குத் தெரிஞ்சா இங்க இருக்கற நர்ஸுங்க எல்லாருக்கும் தெரியும், நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு உன்ன ஊட்டுக்குக் கூட்டிக்கினு போவ வருவேன்" என்று அப்பா கல்லறை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். விலாசத்தைப் பிள்ளைகளுக்காக மாற்றினேன் என்றதும் பொய், அவன் கையில் கிடைக்கக் கூடாது என்றுதான் மாற்றினேன். சத்தியத்தை மீறுகிறேன். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவர் கோபப்பட மாட்டார். மழைக்காலம் முடியும்வரையெல்லாம் வேண்டாம், இந்தத் திங்கட்கிழமையே அவனைக் கூட்டிக்கொண்டு போ. மெசேஜ் அனுப்பாதே. எதிரே நிறுத்தி வைத்துச் சொல். முழுசாகச் சொல்.